கடைசி அறை ரேடியேட்டர் சூடாகவில்லையா? பம்ப்பைக் கூட்டும் முன் இதைச் செய்யுங்கள்

போன ஜனவரியில் அம்மா ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்தார். வீட்டின் பின்பக்க அறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை எட்டிப் பார்த்தால் இரண்டு கம்பளி, அதன் மேல் என் பழைய கோட்டு, தலையில் மங்கி குல்லாவோடு சுருண்டு படுத்திருந்தார். “குளிருதாம்மா?” என்றேன். “இல்லப்பா, பழகிடும்” என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். பாய்லரில் சூடான தண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வரும் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, வெளியே போகும் பக்கம் சில்லென்று இருந்தது. அதே நேரம் குளியலறையில் துண்டு காயப்போடும் ரேடியேட்டரான துண்டுக் கம்பியில் கை வைக்க முடியவில்லை.

பிளம்பர் ஒருவரை அழைத்தேன். வந்தார், மாடி அலமாரியைத் திறந்தார், அந்தத் தண்ணீரை வீடு முழுக்கச் சுற்றவிடும் பம்ப்பின் வேகத் திருகியை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பினார், பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் பத்து நிமிடம். அம்மாவின் அறை கொஞ்சம் சூடானது உண்மை. ஆனால் அன்றிரவே வீடு முழுக்க ‘சர்ர்’ என்று இரைச்சல் கிளம்பியது. இரண்டு வாரம் கழித்துப் பரணில் ஏறினால், அங்கிருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் மையைக் கரைத்ததுபோல் கறுத்திருந்தது.

நான் பிளம்பர் இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன், இங்கே ஒரு கிடங்கின் பராமரிப்புப் பிரிவில் வேலை. பம்ப்பும் வால்வும் தினமும் கை படும் பொருள்கள்தான். ஆனாலும் சொந்த வீட்டுப் பம்ப்பை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அதன் பிறகு உட்கார்ந்து படித்து, அளந்து, அந்தக் குளிர்காலம் முழுக்கச் சரிசெய்ததை எழுதி வைக்கிறேன். இங்கிலாந்திலும் மற்ற குளிர்நாடுகளிலும் இருக்கிற நம்மவர்கள் பலர் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும்போது இந்தப் பம்ப் அவர்கள் பொறுப்பில் வந்து விழுகிறது. யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எங்கள் வீடு ரெடிங்கில் இருக்கிறது. 1930களில் கட்டிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு. சமையலறையில் கேஸ் பாய்லர், மாடி அலமாரிக்குள் வெந்நீர் சிலிண்டர், அதன் காலடியில் பம்ப், பரணில் சின்னத் தொட்டி, ஒன்பது ரேடியேட்டர். உங்கள் வீட்டில் சிலிண்டர் இல்லாமல் வெந்நீரையும் தானே சுடவைத்துத் தரும் காம்பி பாய்லர் என்றால் பம்ப் பாய்லருக்குள்ளேயே இருக்கும். அப்போது பாய்லரின் மூடியைக் கழற்றாதீர்கள். பல பாய்லர்களில் அந்த மூடியும் சேர்ந்துதான் எரியும் அறையைக் காற்றுப் புகாமல் அடைக்கிறது. சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். பிரிட்டனில் கேஸ் வேலைக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவர்தான் அதைத் தொட வேண்டும். ஆனால் நான் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி ரேடியேட்டர் பக்கத்து வேலை, அதைக் காம்பி வீட்டிலும் செய்யலாம்.

பம்ப் தண்ணீரைத் தூக்குவதில்லை

“உங்க வீடு மூணு மாடி, அதனால பெரிய பம்ப் வேணும்” என்று சொல்பவர்களை நானும் நம்பியிருக்கிறேன். அது தப்பு. நம் ஊர் மோட்டார் கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீரைத் தூக்குகிறது, அங்கே உயரம் கணக்கு. இங்கே ஓடுவது ஒரே தண்ணீர், பாய்லரிலிருந்து கிளம்பி ரேடியேட்டர்களைச் சுற்றிப் பாய்லருக்கே திரும்புகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் ஒரே எடையில் வாளி தொங்கினால் ஒரு விரலால் சுழற்றலாம் அல்லவா, அதுபோல ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடும். பம்ப்புக்கு எதிரே நிற்பது குழாய், முழங்கை, வால்வு இவற்றின் உராய்வு மட்டும்தான்.

பம்ப்பே இல்லாமல் ஓடிய காலமும் உண்டு. சூடான தண்ணீர் லேசாகி மேலேறும், ஆறிய தண்ணீர் கனத்து இறங்கும். அதற்காகத் தொடைப் பருமனில் குழாய் போட்டார்கள். 1920களின் இறுதியில் ஜெர்மனியின் டார்ட்மண்டில் வில்ஹெல்ம் ஓப்லேண்டர் என்பவர் குழாய் வளைவுக்குள் ஒரு விசிறியை வைத்து அந்த ஓட்டத்தை வேகப்படுத்தினார். அதற்கு அவர் வைத்த பெயரே ‘சுற்றோட்ட முடுக்கி’ என்ற பொருளில்தான் இருந்தது. இன்றைய வீட்டுப் பம்ப் அதன் வாரிசு.

பம்ப்பின் பட்டையில் 15-50, 15-60 என்று எண் இருக்கும். கிரண்ட்ஃபாஸ் நிறுவனத்தின் பம்ப்பில் 50 என்றால் அதிகபட்சம் 5 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம், 60 என்றால் 6 மீட்டர். அது உராய்வை எதிர்க்கும் பலம், உங்கள் மாடியின் உயரமல்ல.

கூட்டினால் ஏன் சூடு கூடுவதில்லை

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. வீட்டுக்கு 10 கிலோவாட் சூடு தேவை என்று வைத்துக்கொள்வோம். பாய்லரிலிருந்து போகும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓடினால் போதும். 10 டிகிரி வித்தியாசம் என்றால் 14 லிட்டர், 5 டிகிரி என்றால் 28 லிட்டருக்கு மேல். எந்த வழியில் போனாலும் வீட்டுக்கு வருவது அதே 10 கிலோவாட்தான்.

ரேடியேட்டரின் சூடு அதன் சராசரி வெப்பநிலையைப் பொறுத்தது. 70 டிகிரியில் நுழைந்து 60-ல் வெளியேறினால் சராசரி 65. ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 65-ல் வெளியேறும், சராசரி 67.5. அறைக்குக் கிடைக்கும் கூடுதல் சூடு ஏறக்குறைய 7 சதவீதம்தான். ஆனால் அதே குழாயில் இரு மடங்கு தண்ணீரைத் தள்ள, பம்ப் இரு மடங்கு வேகத்தில் சுழல வேண்டும். அழுத்தம் நான்கு மடங்காகும், அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். 7 சதவீதச் சூட்டுக்கு எட்டு மடங்கு உழைப்பு! மூன்றாம் எண்ணில் வைத்த பிறகு எங்கள் வீட்டில் எழுந்த இரைச்சலின் காரணம் அதுதான்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2005-க்குப் பிறகு பொருத்திய கேஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகை. புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். அது நடக்க வேண்டுமானால் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. பம்ப்பை வேகமாக வைத்தால் தண்ணீர் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். கண்டென்சிங் பாய்லருக்குக் காசு கொடுத்துவிட்டு அந்தப் பலனைப் புகைபோக்கி வழியே விடுகிறோம்.

அப்படியென்றால் அம்மாவின் அறை ஏன் குளிர்ந்தது? நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வயலுக்கு எப்போது வரும் என்று அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள் நிற்கிறது. அணையில் எத்தனை அடி திறந்தாலும், தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. வீட்டுக் குழாயிலும் அதேதான். பம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டுக் கம்பியும் மாடிப்படி ரேடியேட்டரும் வழியிலேயே தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. பம்ப்பைக் கூட்டினால் அவை இன்னும் இழுக்கும். அடைக்க வேண்டியது தலைமடையை.

தொடங்கும் முன்

முதலில் எல்லா ரேடியேட்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். மேல்பகுதி மட்டும் சில்லென்றால் உள்ளே காற்று. கீழே நடுப்பகுதி மட்டும் சில்லென்றால் சகதி படிந்திருக்கிறது. ஒன்றிரண்டு முழுவதுமே மந்தமாக இருக்க, மற்றவை கொதித்தால் பங்கீட்டுக் கோளாறு. எல்லாமே மந்தமாக இருந்து, பாய்லர் பற்றுவதும் அணைவதுமாக இருந்தால் அப்போது பம்ப்பைச் சந்தேகப்படலாம்.

ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் முனையில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். ஓடும்போது திறந்தால் சில வீடுகளில் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகும். பம்ப்பின் இருபுறமும் உள்ள வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை பம்ப்பைக் கழற்றுவதற்காக வைத்தவை. அவற்றைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். பம்ப் வீணாக முட்டிக்கொண்டு இரையும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஒரு சிறிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், நோட்டுப் புத்தகம், குழாயில் கவ்வும் தெர்மாமீட்டர் இரண்டு. துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு தெர்மாமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பளபளக்கும் செம்புக் குழாயில் அது பொய் சொல்லும். முதல் நாள் கை சுடும் குழாயை 38 டிகிரி என்று காட்டியது. குழாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றி, டேப்பின் மேல் அளந்தால் சரியாகக் காட்டும். நான் பதினெட்டு இடத்தில் சுற்றினேன், ரேடியேட்டருக்கு இரண்டு.

தலைமடையைக் கட்டுதல்

வெளியே நல்ல குளிர் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுத் தெர்மோஸ்டாட்டை 25-க்கு ஏற்றிவிடுங்கள், நடுவில் அணைந்துவிடக் கூடாது. எல்லா ரேடியேட்டரிலும், அறைச் சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடும் டி.ஆர்.வி. வால்வின் எண் போட்ட தலையைக் கழற்றி வையுங்கள். தலை இல்லாவிட்டால் வால்வு முழுக்கத் திறந்திருக்கும். பம்ப்பை நடு வேகத்தில் வையுங்கள். திருகியைத் திருப்பும் முன் அதன் மின்சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது.

ரேடியேட்டரின் மறு முனையில் பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு வால்வு இருக்கும். லாக்ஷீல்டு என்பார்கள். மூடியை இழுத்தால் உள்ளே சதுரக் கம்பி. வலப்பக்கம் திருப்பினால் மூடும். ஒவ்வொன்றையும் முழுக்க மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு, அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் குறிப்பு வேண்டும்.

இப்போது வீடு ஆறியிருக்கும் நிலையில் ஹீட்டிங்கைப் போட்டு, ரேடியேட்டர்கள் எந்த வரிசையில் சூடாகின்றன என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் துண்டுக் கம்பி மூன்றாம் நிமிடம், மாடிப்படி அருகில் இருப்பது நான்காம் நிமிடம், கூடத்து ரேடியேட்டர் எட்டு, அப்படியே போய் அம்மாவின் அறை இருபத்தாறாம் நிமிடம். இதுதான் உங்கள் வாய்க்காலின் வரைபடம். குழாய் தரைக்கடியில் எப்படிப் போகிறது என்று தெரியவேண்டியதே இல்லை.

கடைசியாகச் சூடாவதன் லாக்ஷீல்டை முழுக்கத் திறந்துவிடுங்கள். முதலில் சூடாவதை முழுக்க மூடிக் கால் சுற்று மட்டும் திறங்கள். மற்றவற்றை அரை சுற்று, முக்கால், ஒன்று, ஒன்றரை என்று வரிசைப்படி வையுங்கள். இது முதல் தோராயம். அப்புறம் பாய்லரை 70 டிகிரியில் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் அளந்துகொண்டே போங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம், 12 முதல் 15 டிகிரி, வர வேண்டும். வித்தியாசம் குறைவு என்றால் அதில் தண்ணீர் அதிகம் பாய்கிறது, மூடுங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் போதவில்லை, திறங்கள். திருப்புவது எப்போதும் இம்மி இம்மியாகத்தான். மூடிய நிலைக்கு அருகில் ஒரு கால் சுற்றுக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். இரண்டு சுற்றுக்கு மேல் திறந்தால் ஒன்றுமே மாறாது.

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஒன்றைத் திருப்பினால் மற்ற எட்டும் நகரும். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு காலையும் ஆனது. ரொம்பச் சரியாக வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருந்தால் அறையில் தெரியாது.

இப்போதுதான் பம்ப்

பங்கீடு முடிந்த பிறகே பம்ப்பின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

பாய்லருக்குக் கீழே போகும் குழாய், வரும் குழாய் இரண்டிலும் தெர்மாமீட்டரைக் கவ்வுங்கள். என் நோட்டில் இருப்பது இது. பிளம்பர் விட்டுப்போன மூன்றாம் வேகத்தில், பங்கீட்டுக்கு முன், 70-ல் போய் 64-ல் வந்தது. பங்கீடு முடித்து இரண்டாம் வேகத்தில் 70-ல் போய் 57. முதல் வேகத்தில் 70-ல் போய் 51.

தாளில் பார்த்தால் முதல் வேகம்தான் நல்லது. நானும் ஆசையோடு அதிலேயே இரண்டு நாள் விட்டேன். ஆனால் வெளியே பூஜ்ஜியத்துக்குப் போன இரவில் பின்னறை இரண்டு மணி நேரமாகியும் 17 டிகிரியைத் தாண்டவில்லை. சிலிண்டர் தண்ணீர் சூடாகவும் கூடுதல் நேரம் பிடித்தது. திரும்ப இரண்டாம் வேகத்துக்கே வந்தேன், அறை 20-க்கு வந்தது. ஆக, பம்ப்புக்குச் சரியான வேகம் என்பது கடைமடை ரேடியேட்டருக்கு மிகக் குளிரான நாளிலும் போதுமான தண்ணீர் போகிற வேகங்களில் மிகக் குறைந்தது. உங்கள் வீட்டில் அது ஒன்றாகவே இருக்கலாம். மூன்று தேவைப்படுகிறது என்றால் எங்கோ சகதி அடைத்திருக்கிறது, அல்லது ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது என்று முதலில் தேடுவேன்.

பிறகு பாய்லரின் வெப்பநிலையை 70-லிருந்து 65-க்கு இறக்கினேன். திரும்பி வருவது 53 ஆனது. அன்று மாலை பின்பக்கச் சுவருக்கு வெளியே போகும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயில், அதுவரை எப்போதோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், நூல் பிடித்ததுபோல் ஒழுகியது. புகையில் போய்க்கொண்டிருந்த சூடு இப்போது வீட்டில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கொஞ்ச நேரம் குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் உள்ள வீட்டில் இதற்கும் கீழே இறக்க வேண்டாம். லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க, சேமித்த வெந்நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும்.

பரண் தொட்டியைப் பாருங்கள்

தொட்டி இல்லாத, அழுத்தமானி உள்ள வீட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தொட்டி இருக்கும் வீட்டில் அதன் மேல் ஒரு குழாய் கைத்தடிபோல வளைந்து நிற்கும். பாய்லர் அளவுக்கு மீறிச் சூடானால் ஆவி தப்பிப்பதற்கான வழி அது. பம்ப்பை அளவுக்கு மீறி ஓட்டினால், அல்லது தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இணைப்பில் சகதி அடைத்திருந்தால், வெந்நீர் அந்த வளைவு வழியாகத் தொட்டியில் கொட்டும். அங்கே காற்றைக் கரைத்துக்கொண்டு மறுபடி குழாய்க்குள் இறங்கும். குழாய்க்குள் காற்று புகுந்தால் ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கும். அந்தத் துருதான் நான் பார்த்த கறுப்புத் தண்ணீர். அந்தக் கறுப்பு மறுபடி பம்ப்பை அடைக்கும். ஒன்றை ஒன்று வளர்க்கும் நோய்.

சோதிப்பது சுலபம். டார்ச்சோடு மேலே ஏறி நில்லுங்கள், கீழே ஒருவர் ஹீட்டிங்கைப் போடட்டும். வளைந்த குழாயிலிருந்து ஒரு சொட்டுகூட விழக் கூடாது, தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தபின்னும் கொட்டினால் அடைப்பு, அல்லது குழாய் இணைப்பே தப்பு. அதற்கு ஆள் வேண்டும். தொட்டித் தண்ணீர் கை சுடும் அளவுக்குச் சூடாக இருந்தால் ஹீட்டிங்கை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் பம்ப் இரண்டுக்கு வந்ததும் கொட்டுவது நின்றுவிட்டது. பழைய தண்ணீரை வடித்துக் கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊற்றி, திரும்பும் குழாயில் ஒரு காந்த வடிகட்டி பொருத்திக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது காந்தத்தில் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்புச் சேறு.

புதுப் பம்ப்பும் அதன் முறைகளும்

மூன்று வேகத் திருகி உள்ள பழைய பம்ப்புகள் உச்ச வேகத்தில் 90 வாட் வரை இழுப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரியில் மின்சிக்கன வரம்பு கொண்டுவந்து, 2015 ஆகஸ்டில் அதை இறுக்கியது. பிரிட்டனும் அப்போது ஒன்றியத்தில் இருந்தது. அதோடு பழைய வகை கடைகளிலிருந்து போய்விட்டது. புதியவை தேவைக்கேற்பத் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும். 60 வாட் மிச்சம், ஆண்டுக்கு 2,000 மணி நேர ஓட்டம் என்றால் 120 யூனிட்.

ஆனால் இவற்றிலும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாம்தான். கையேடுகள் இதைப் படம் போட்டு முடித்துவிடுகின்றன. மூன்று முறைகள்தான் முக்கியம். ஓட்டம் குறையும்போது அழுத்தத்தையும் சேர்த்துக் குறைப்பது ஒன்று. தண்ணீர் போக ஒன்று, திரும்ப ஒன்று என்ற இரு குழாய் அமைப்பில், டி.ஆர்.வி. வைத்த ரேடியேட்டர்களுக்கு ஏற்றது. ஓட்டம் எப்படி மாறினாலும் அழுத்தத்தை ஒரே அளவில் பிடிப்பது இன்னொன்று. ரேடியேட்டருக்குப் பதில் தரையையே சூடாக்கத் தரைக்கடியில் குழாய் ஓடும் வீடுகளுக்கு ஏற்றது. பழைய பம்ப் போல ஒரே வேகத்தில் ஓடுவது மூன்றாவது. ரேடியேட்டர்கள் எல்லாம் ஒரே வளையக் குழாயில் தொங்கும் பழைய அமைப்புக்கு இதுதான் சரி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் தானியங்கி பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கும். டி.ஆர்.வி.க்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்போது அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பைபாஸ் திறந்து, பாய்லருக்குக் குறைந்தபட்ச ஓட்டத்தைக் கொடுக்கும். பம்ப் முதல் முறையில் இருந்தால், ரேடியேட்டர்கள் மூட மூட அது அழுத்தத்தைக் குறைத்துவிடும், பைபாஸ் திறக்காமலே போகலாம். பாய்லர் சூடு தாங்காமல் அடிக்கடி அணைந்தால் இதைச் சந்தேகியுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் நிலையான அழுத்த முறையின் கீழ்நிலையை நான் தேர்ந்தெடுப்பேன். பைபாஸைச் சோதிக்க அதன் குழாயில் கை வையுங்கள். ரேடியேட்டர்கள் எல்லாம் திறந்திருக்கும்போது சில்லென்று இருக்க வேண்டும், பெரும்பாலானவை மூடிய பிறகு சூடாக வேண்டும். எப்போதும் சூடாக இருந்தால், அதன் திருகி மிகவும் தளர்ந்திருக்கிறது என்று பொருள். 0.2 பார் அழுத்தத்தில் வைத்துத் தொடங்கலாம். அதற்கு மேல் அழுத்தம் போனால் டி.ஆர்.வி.க்கள் சீறத் தொடங்கும்.

ஹீட்டிங்கை அணைத்த பிறகும் பம்ப் சில நிமிடம் ஓடினால் பயப்பட வேண்டாம். பாய்லருக்குள் தங்கிய சூட்டை வெளியேற்ற அப்படி ஓடும். சத்தம் பிடிக்கவில்லை என்று சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

கோடைக்குப் பிறகு

ஐந்து மாதம் ஓடாமல் கிடந்த பம்ப், அக்டோபரில் போட்டால் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுழலாமல் நிற்கும். அலமாரியே சூடேறும், ரேடியேட்டர் எதுவும் சூடாகாது. பழைய பம்ப் என்றால் முகப்பில் ஒரு பெரிய திருகு இருக்கும். மின்சாரத்தை அணைத்து, ஆறவிட்டு, துணி வைத்துக்கொண்டு அந்தத் திருகைக் கழற்றினால் கொஞ்சம் தண்ணீர் கசியும், உள்ளே அச்சின் முனை தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதை மெதுவாகச் சுழற்றிவிட்டு, திருகை மூடி, உச்ச வேகத்தில் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் பழைய வேகத்துக்கு இறக்குங்கள். அடிப்பதும் தட்டுவதும் வேண்டாம். இந்தத் தொல்லையே வராமலிருக்க, கோடையில் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஹீட்டிங்கை ஓடவிட்டால் போதும். நான் முதல் தேதியில் செய்துவிடுகிறேன்.

மாடி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். பம்ப் 2. பாய்லர் 65. துண்டுக் கம்பி கால் சுற்று, மாடிப்படி கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட, கூடம் அரை, இப்படி ஒன்பதும். கடைசி வரியில் ‘பின்னறை, முழுக்க’. அதற்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது: கேட்காமல் பம்ப்பைத் திருப்பாதீர்கள்.